பெரியக்கா பதில்கள்: பக்கத்துப் பாயில படுத்தவள்

போன மாசம் ஒரு தங்கச்சிக்குப் பதில் எழுதேக்க சும்மா ஒரு வரி எழுதிப்போட்டன், இல்லத்தில ஒண்டா வளந்ததுகள் கூடப்பிறந்ததுகளை விடக் கூட எண்டு. அதுக்குப் பிறகு வந்த கடிதங்களைப் பாத்தா இந்த மாசம் சமையல் கேள்வி, மாமியார் கேள்வி எல்லாத்தையும் ஒதுக்கி வைக்க வேண்டியதாப் போச்சு. பால்கறி ஏன் திரையுது எண்டு கேட்ட விசுவமடு அம்மா குறை நினைக்கக்கூடாது, அடுத்த மாசம் கட்டாயம் சொல்லுறன்.

அன்பான பெரியக்காவுக்கு, நான் புதுக்குடியிருப்பு, இப்ப ஒஸ்லோவில பஸ் ஓடுறன். எங்கட டிப்போவில வேலை செய்யிற ஒரு மனுசி, பாத்தா கொரியாக்காரி, வாயைத் திறந்தா சுத்த நோர்வே. நாலு வயசில தத்தெடுத்துக் கொண்டுவந்ததாம். போன வருசம் தான் இருந்த அநாதை இல்லத்தில அதே காலம் இருந்த இன்னொரு மனுசி டென்மார்க்கில இருக்கிறா எண்டு கண்டுபிடிச்சு, போய்ச் சந்திச்சிட்டு வந்தா. வந்த நாள்ல இருந்து ஆளின்ர முகமே வேற. பெத்த தாயைக் கண்டனியோ எண்டு கேட்டன், இல்லையாம், தாயைத் தேடுறதையும் இப்போதைக்கு நிப்பாட்டிப்போட்டாவாம். எனக்கு விளங்கேல்ல அக்கா. ரெண்டும் அப்ப நாலு வயசுக் குஞ்சுகள், ஞாபகமும் பெரிசா இல்லை, ரத்த உறவும் இல்லை. பிறகென்ன இருக்கு கட்டிப்பிடிச்சு அழ?
— க.ச., ஒஸ்லோ

தம்பி, நான் உங்களிட்ட ஒண்டு கேக்கிறன். நீங்க சின்னனில முருங்கையால விழுந்த கதை, மாமா கலியாண வீட்டில பந்தியிலயே நித்திரையாப் போன கதை, இப்பிடி ஏதும் உங்கட வீட்டிலயும் இருக்குமெல்லோ, அது உங்களுக்கு உண்மையா ஞாபகமோ? இல்லை. அம்மா சொல்லி, அக்கா சொல்லி, பக்கத்து வளவு ஆச்சி சொல்லிச் சிரிச்சு, கேட்டுக் கேட்டு அது உங்கட ஞாபகம் மாதிரி ஆகிட்டுது. எங்கட முதல் நாலஞ்சு வருசத்தை நாங்க வச்சிருக்கிறேல்ல, மற்ற ஆக்கள்தான் பத்திரமா வச்சிருந்து தாறவை. உங்களோட வேலை செய்யிற அந்தப் பிள்ளைக்கு அப்பிடி வச்சிருக்க ஒருத்தரும் இல்லை. நோர்வே அம்மா அப்பா எவ்வளவு தங்கமான ஆக்களா இருந்தாலும் அவைக்குத் தெரிஞ்ச கதை எயார்போட்டிலதான் தொடங்கும். அதுக்கு முதல் இருந்த நாலு வருசமும் ஒரு பைலுக்க ரெண்டு மூண்டு தாள், அவ்வளவுதான்.

அந்தத் தாளில என்ன இருக்கும் எண்டு நினைக்கிறியள்? பேர் இருக்கும், கன பேருக்கு அது இல்லத்தில வச்ச பேர். பிறந்த திகதி இருக்கும், அதுவும் பிள்ளையைப் பாத்து மட்டுமட்டா மதிச்சுப் போட்டதா இருக்கலாம். ஒரு படம் இருக்கும், நெஞ்சுக்கு முன்னால நம்பர் எழுதின மட்டையோட. பிறகு அநாதைக் குடும்பப் பதிவு எண்டு ஒண்டு, அதுதான் எனக்கு வாசிக்க வாசிக்க வயித்தைப் பிரட்டினது, தாய் தகப்பன் உயிரோட இருந்த பிள்ளையளைக் கூட உறவு ஒருத்தரும் இல்லாத தனி ஆள், அந்தக் குடும்பத்துக்குத் தலைவரே இந்தக் கைக்குழந்தைதான் எண்டு பதிஞ்சு வச்சிருக்கினம், அப்பிடி இருந்தாத்தான் வெளிநாட்டுக்கு அனுப்பிற அலுவல் கெதியா முடியும். நான் சோடிச்சுச் சொல்லேல்ல, கொரியாவின்ர உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவே 2025 பங்குனியில சொல்லிப்போட்டுது, பதிவுகளைப் பொய்யா எழுதினது, பிள்ளையளை ஆள் மாத்தி அனுப்பினது எல்லாம் நடந்ததுதான், அரசாங்கம் பாத்துக்கொண்டு இருந்ததும் பிழைதான் எண்டு. 367 பேர் முறைப்பாடு குடுத்து அண்டைக்கு 56 பேரைத்தான் பாதிக்கப்பட்டவை எண்டு ஏத்துக்கொண்டது, அது வேற கதை.

இப்ப யோசிச்சுப் பாருங்கோ. பேரில நம்பிக்கை இல்லை, திகதியில நம்பிக்கை இல்லை, படத்தில இருக்கிறது நான்தானோ எண்டு கூடச் சந்தேகம். அப்பிடி ஒராளுக்கு முன்னால இன்னொரு மனுசி வந்து நிண்டு, நானும் அந்த வீட்டிலதான் இருந்தனான், வாசலுக்கு முன்னால கல்லுப்படி ஒண்டு இருந்ததெல்லோ எண்டு கேட்டா எப்பிடி இருக்கும்? ஒரு கல்லுப்படி போதும் தம்பி. கல்லுப்படி இருந்தா வீடு இருந்தது, வீடு இருந்தா நானும் இருந்தனான்.

எனக்கு இது புத்தகத்தால வந்த அறிவு மட்டுமில்லை. அம்மா போன பிறகு என்னை நாலு வருசம் மடத்தில விட்டிருந்தவை, எட்டு வயசு எனக்கு. பக்கத்துப் பாயில என்னை விட ரெண்டு வயசு மூத்த ஒரு பிள்ளை. பிறகு அவ கனடா போய், நானும் கலியாணம் கட்டி, முப்பத்தாறு வருசத்துக்குப் பிறகு அவ ஊருக்கு வரேக்க கிளிநொச்சியில என்ர வீட்டுக் குசினியில இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு சாதாரணமாச் சொல்லுறா, "நீ நித்திரையில அம்மா அம்மா எண்டு கூப்பிடுவாயடி, நான்தான் ஓம் எண்டு சொல்லுறனான், சொன்னாத்தான் படுப்பாய்" எண்டு. எனக்கு அது தெரியவே தெரியாது! அம்மா இல்லாத நாலு வருசம் எண்டுதான் நான் அவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டு இருந்தனான். அண்டைக்கு நான் அழுத அழுகைக்கு என்ர மனுசன் பயந்து பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுட்டார்.

1953இல கொரியாச் சண்டை ஓய்ஞ்சதில இருந்து கிட்டத்தட்ட 2 இலட்சம் பிள்ளையள் அங்க இருந்து வெளிநாட்டுக்குப் போயிருக்கினம், அரைவாசிக்கு மேல அமெரிக்காவுக்கு, மிச்சம் பிரான்ஸ், சுவீடன், டென்மார்க், உங்கட நோர்வே எண்டு. நோர்வேக்கு மட்டும் 6,000க்கு மேல. ஒரே சோத்துச் சட்டியில திண்டதுகள் ஒண்டு பிரெஞ்சு கதைக்கும், ஒண்டு இங்கிலிஷ், ஒண்டு சுவீடிஷ், கொரியன் மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. 1999இல வொஷிங்டனில 400 பேரளவில வளந்த ஆக்களா முதல்முதல் பெரிசா ஒண்டுகூடிச்சினம், பிறகு கொரியத் தலைநகர் சோலிலயும் அப்பிடிக் கூட்டங்கள் நடக்குது. தத்தெடுத்த பெற்றோரும் ஏஜென்சிக்காரரும் பக்கத்தில இல்லாமத் தங்களுக்குள்ளயே கதைக்க எண்டு அவை வளந்து பெரிய ஆக்களாக வேண்டி இருந்தது.

தாயைத் தேடுறதை விட்டது உங்களுக்குப் புதினமா இருக்கு, எனக்கு இல்லை. தாயைக் கண்டா ஒரு கேள்வி கேட்டே ஆகவேணும், ஏன் விட்டனி எண்டு. தாய்க்கும் அதுக்கு மறுமொழி சொல்லியே ஆகவேணும். பக்கத்துப் பாயில படுத்தவளோட அந்தக் கேள்வியே இல்லை, அவள் உன்னை விடேல்ல, நீயும் அவளை விடேல்ல, ரெண்டு பேரையும் வேற ஆக்கள்தான் தூக்கிக்கொண்டு போனவை. அடுத்தமுறை கண்டா டென்மார்க் மனுசி ஏதும் படம் காட்டினவவோ எண்டு கேட்டுப் பாருங்கோ, கட்டாயம் ஒரு படம் இருக்கும்.

பெரியக்கா, நான் வவுனியாவில கொரியன் மொழிப் பரீட்சைக்குப் படிக்கிறன். பாஸ் பண்ணினா அங்க பக்டரி வேலைக்குப் போகலாம். இவ்வளவு காசுள்ள நாடு ஏன் தன்ர பிள்ளையளைக் குடுத்தது? எங்கட சேர் இதைப்பற்றி ஒண்டும் சொல்லேல்ல.
— நெடுங்கேணி மாணவன்

அப்ப காசு இல்லையெடா தம்பி. 1950இல இருந்து 53 வரைக்கும் சண்டை, நாடு சுடலை மாதிரிக் கிடந்தது. முதல்ல அனுப்பினது கூடுதலா வெளிநாட்டு ஆமிக்காரருக்குப் பிறந்த பிள்ளையளை, அந்தப் பிள்ளையளை ஊர் ஏத்துக்கொள்ளேல்ல. 1955இல அமெரிக்காவில ஒரிகன் பக்கத்து கமக்காரக் குடும்பம் ஒண்டு, ஹொல்ட் எண்டு பேர், தங்களுக்கு ஆறு பிள்ளையள் இருக்கத்தக்கதா இன்னும் எட்டுப் பேரைத் தத்தெடுத்தவை, அதுக்கு அங்கத்தைய கொங்கிரசே தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. அந்த மனுசன் மனுசி நல்ல மனசோட செய்திருக்கலாம், நான் இல்லை எண்டு சொல்லேல்ல. ஆனா பிறகு அது ஒரு தொழிலா மாறிட்டுது.

இதில கவனிக்க வேண்டிய விசயம், ஆகக்கூட அனுப்பின வருசம் சண்டை முடிஞ்ச கையோட இல்லை. 1985. ஒரு வருசத்தில 8,800க்கு மேல. அப்ப ஹையுண்டாய் கார் ஏத்துமதி செய்யிற நாடு அது! பட்டினி இல்லை காரணம், கலியாணம் கட்டாமல் பிள்ளை பெத்த பெட்டையளை வீடும் ஊரும் வாழ விடேல்ல, அரசாங்கத்துக்கும் அந்தத் தாய்மாருக்குக் காசு குடுக்கிறதை விடப் பிள்ளையை அனுப்பிறது மலிவாப் போச்சு. ஏஜென்சிக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் காசு. 1988 ஒலிம்பிக்குக்கு வந்த வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர் இதை எழுதப் பிறகுதான் வெக்கம் வந்தது. 1998இல ஜனாதிபதி கிம் டே ஜுங் தத்துப்போன கொஞ்சப் பேரை ஜனாதிபதி மாளிகைக்குக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார், 2025 ஒக்ரோபரில இப்பத்தைய ஜனாதிபதி லீ ஜே மியுங் திருப்பியும் மன்னிப்புக் கேட்டவர்.

இப்ப பாருங்கோ விளையாட்டை. அதே நாட்டில 2023இல ஒரு பொம்பிளைக்குச் சராசரி 0.72 பிள்ளைதான். பிறக்கப் பிள்ளை இல்லை, பக்டரிக்கு ஆள் இல்லை, அதுக்குத்தான் நெடுங்கேணியில இருந்து நீங்க போறியள். போங்கோ, நல்லா உழையுங்கோ. அங்க உங்களை மாதிரியே தடுமாறித் தடுமாறிக் கொரியன் கதைக்கிற, முகம் மட்டும் கொரியன் முகமா இருக்கிற ஆரையும் கண்டா சிரிக்காதேங்கோ, ஏன் எண்டு இப்ப உங்களுக்குத் தெரியும்.

எங்கட நாடும் சுத்தமில்லை, சொல்லாமல் விட்டா பிழை. எழுபது எண்பதுகளில இலங்கையில இருந்து ஆயிரக்கணக்கில குழந்தையள் ஐரோப்பாவுக்குப் போச்சினம். அதுக்கெண்டே பிள்ளை பிடிச்ச, விலை பேசின இடங்கள் இருந்தது எண்டு 2017இல நெதர்லாந்து டிவி ஒண்டு வெளிக்கொண்டு வந்தது, அப்ப இருந்த சுகாதார அமைச்சரும் ஒத்துக்கொண்டவர்.

என்ர பேர் ஊர் போடவேண்டாம் அக்கா. 2004இல இருந்து வன்னியில ஒரு இல்லத்தில வளந்தனான், அப்ப எனக்கு ஆறு வயசு. என்னோட ஒருத்தி, ஒரே வகுப்பு, ஒரே கட்டில், தலை இழுத்து விடுறதில இருந்து சட்டை மாத்திப் போடுறது வரைக்கும் ரெண்டு பேரும் ஒண்டு. 2008 கடைசியில இடம்பெயரேக்க பிரிஞ்சிட்டம். பதினைஞ்சு வருசம் தேடி பேஸ்புக்கில பிடிச்சன். ரெண்டு கிழமை இரவு பகலாக் கதைச்சம். பிறகு திடீரெண்டு மெசேஜுக்குப் பதில் இல்லை. கடைசியா ஒரு வொய்ஸ், "என்ர மனுசன் வீட்டு ஆக்களுக்கு நான் இல்லத்தில வளந்தது தெரியாது, பழசு ஒண்டும் எனக்கு வேண்டாம், குறை நினையாதை." அவ்வளவும்தான். அவள் இருக்கிற ஊர் எனக்குத் தெரியும், பஸ்ஸில நாலு மணித்தியாலம். போய் ஒருக்காப் பாக்கட்டோ? நேரில கண்டா மாறுவாள் எண்டு மனம் சொல்லுது.

போகாதேங்கோ பிள்ளை.

எழுத எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா போகாதேங்கோ. நேரில கண்டா மாறுவாள்தான், உங்களைக் கண்டவுடன கட்டிப்பிடிச்சு அழவும் செய்வாள், ஆனா நீங்க பஸ் ஏறின பிறகு அந்த வீட்டில மாமி, ஆரிந்தப் பிள்ளை, எந்த ஊர், உனக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேக்கிற கேள்விக்கு அவள் தனிய நிண்டு பதில் சொல்ல வேணும். இல்லத்துப் பிள்ளை எண்டா எங்கட சனம் எப்பிடிப் பாக்கும் எண்டு நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சீதனம் இல்லாமக் கட்டினம் எண்டு சொல்லிக் காட்டும், ஒரு சண்டை வந்தா தாய் தகப்பன் ஆரெண்டு தெரியாதது எண்டு வாயில வரும். கேட்டுக் கேட்டுப் புளிச்சுப்போன வார்த்தையள். அவள் அதுக்குப் பயந்து ஒரு கதை கட்டி அதுக்குள்ள குடியிருக்கிறாள். அந்தக் கதையைத் தட்டி விழுத்த உங்களுக்கு உரிமை இல்லை, எவ்வளவு அன்பு இருந்தாலும்.

கொரியாவில தத்துப்போன ஆக்கள் வந்து தாயைத் தேடி விண்ணப்பம் போட்டா, அரசாங்கம் தாயிட்டக் கேக்கும், தாய் சம்மதிச்சாத்தான் விலாசம் குடுக்கும். கன தாய்மார் மறுமொழி போடுறேல்ல. பிறகு கலியாணம் கட்டிப் புதுக்குடும்பம், மனுசனுக்கு முதல் பிள்ளையைப் பற்றித் தெரியாது. பத்தாயிரம் கிலோமீற்றர் பறந்து வந்து மறுமொழி இல்லாத கடிதத்தோட திரும்பிப் போன ஆக்கள் இருக்கினம். அவையும் கதவைத் தட்டலாம்தான், ஊர் கண்டுபிடிக்கிறது அவ்வளவு கஷ்டமில்லை. தட்டாமல் நிக்கிறவையை நினைச்சுத்தான் உங்களுக்கு இதைச் சொல்லுறன்.

இன்னொண்டு, கோவிக்கக் கூடாது. அந்த ரெண்டு கிழமை இரவு பகலாக் கதைச்சியளே, என்ன கதைச்சனீங்கள்? நீங்க ஆசையா எடுத்தது அவளுக்கு ஆசையா இருந்திருக்குமோ? ஒரே இல்லத்தில ஒருத்திக்கு ஞாபகம் மழைக்காலத்தில எல்லாரும் ஒண்டா இருந்து பொரிச்ச மரவள்ளிக்கிழங்கு திண்டது, மற்றவளுக்கு ஞாபகம் ஆரோ அடிச்சது, அல்லது ஒரு இரவு வேலியடியில ஆரையோ காத்துக்கொண்டு இருந்தது. ரெண்டும் உண்மைதான். என்ர கனடாச் சினேகிதியும் நானும் மடத்துச் சமையல்காரம்மாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினா இண்டைக்கும் சண்டைதான், அவவுக்கு அந்த மனுசி தெய்வம், எனக்கு எண்டா பேர் கேட்டாலே பத்திக்கொண்டு வரும். நீங்க அந்தக் காலத்துக்குப் போறதுக்கு அவளைக் கையில பிடிச்சு இழுக்கேக்க அவளுக்கு எந்த இடம் நோகும் எண்டு உங்களுக்குத் தெரியாது. 2008, 2009 எண்டா எங்க தொட்டாலும் நோகும்.

என்ன செய்யலாம் எண்டா, ஒரேயொரு மெசேஜ் போடுங்கோ. "விளங்குது. நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். இந்த நம்பர் மாறாது." இவ்வளவும் காணும். கண்ணீர் ஸ்டிக்கர் வேண்டாம், பழைய போட்டோ வேண்டாம், குட்மோர்னிங் பூப்படமும் வேண்டாம். பிறகு சத்தியமா அந்த நம்பரை மாத்தாதேங்கோ, டயலொக்கில இருந்து வேற சிம்முக்கு ஓபர் வந்தாலும் மாத்தாதேங்கோ.

அதோட ஒரு கொப்பி வாங்கி அவளைப் பற்றி உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதி வையுங்கோ. உங்களைப் பற்றி இல்லை, அவளைப் பற்றி. எந்தப் பல்லு முதல்ல விழுந்தது, எதுக்குச் சிரிப்பாள், வாய்ப்பாட்டில எது வராது, எந்த மாசம் காய்ச்சல் வந்து ஆசுபத்திரியில வச்சவை. அவளின்ர ஆறு வயசில இருந்து பத்து வயசு வரைக்கும் உலகத்தில உங்களிட்ட மட்டும்தான் இருக்கு. அவளுக்கு ஒரு பெட்டை பிறந்து, அந்தப் பெட்டைக்கு ஏழு வயசாகி, அம்மா நீ சின்னனில எப்பிடி இருந்தனி எண்டு கேக்கிற நாள் வந்தா அவள் அந்த நம்பருக்கு எடுப்பாள். எடுக்காமலும் விடலாம். எடுக்காட்டியும் கொப்பி கிடக்கட்டும்.

என்ர மனுசன் நான் கொரியன் நாடகம் பாத்து அழுதா ஏசுறார். எல்லாத்திலயும் ஒரு அநாதைப் பிள்ளை, ஒரு தொலைஞ்ச தங்கச்சி, ஒரு பணக்கார வீடு, உதுகள் எங்க நடக்குது எண்டு கேக்கிறார். என்ன சொல்ல?
— கந்தபுரம்

மேல எழுதினதை வாசிக்கக் குடுங்கோ. பணக்கார வீட்டுப் பகுதிதான் கொஞ்சம் கூட்டிச் சொல்லுறவை, மற்றது நடந்ததுதான். ஆனா சோறு அடிப்பிடிக்கிற அளவுக்குப் பாக்கிறியள் எண்டா ஏசட்டும், அதில நான் மனுசன் பக்கம்.

எச்சில் அனுப்பினா டிஎன்ஏ பாத்துச் சொந்தக்காரரைக் கண்டுபிடிச்சுத் தாற வெளிநாட்டுக் கொம்பனி இருக்காமே. லண்டனில இருக்கிற மச்சான் காசு கட்டுறன் எண்டுறார். 2009இல தொலைஞ்ச என்ர தம்பியை அதில தேடலாமோ?
— பரந்தன்

அனுப்பலாம் பிள்ளை, ஆனா எப்பிடி வேலை செய்யுது எண்டு விளங்கிக்கொண்டு அனுப்புங்கோ. உங்கட எச்சிலை மட்டும் வச்சு ஒண்டும் கண்டுபிடிக்க ஏலாது, தம்பியோ தம்பியின்ர பிள்ளையளோ கிட்டத்துச் சொந்தமோ அதே கொம்பனிக்குத் தங்கட எச்சிலையும் குடுத்திருக்க வேணும், அப்பதான் பொருந்தும். கொரியாக்காரருக்கு அது கொஞ்சம் சரிவந்ததுக்குக் காரணம் ரெண்டு பக்கத்தாலயும் ஆக்கள் குடுத்தது. 2020இல இருந்து வெளிநாட்டில இருக்கிற தத்துப்போன ஆக்கள் கொரியத் தூதரகத்திலயே மாதிரி குடுக்கலாம், ஊரில பிள்ளையைத் துலைச்ச குடும்பங்கள் பொலிசில குடுத்து வச்சிருக்கினம், ரெண்டையும் ஒப்பிட்டுப் பாப்பினம். 2006 குளிர்கால ஒலிம்பிக்கில அமெரிக்காவுக்கு வெண்கலம் எடுத்த டோபி டோசன் எண்டவர், மூண்டு வயசில பூசான் சந்தையில துலைஞ்ச பிள்ளை, பதக்கம் எடுத்த அடுத்த வருசம் டிஎன்ஏ பாத்துத்தான் தகப்பனைச் சேந்தவர். எங்கட பக்கத்தில சுனாமியில ஒதுங்கின கல்முனைக் குழந்தை, பேபி 81 எண்டு உலகமே கதைச்சது, 2005இல டிஎன்ஏ பாத்துத்தான் தாய் தகப்பனிட்டக் குடுத்தது.

ஆனா எங்கட சனத்தில எத்தினை பேர் அப்பிடிக் குடுத்திருக்கினம்? அதால இதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவில தேடித்தரச் சொல்லிப் பதியாட்டிப் பதியுங்கோ, பதிஞ்சிருந்தா உங்கட இப்பத்தைய போன் நம்பர் அவையிட்ட இருக்கோ எண்டு பாருங்கோ, கன பேரின்ர நம்பர் மாறிட்டுது. காணாமல் போன தங்கட பிள்ளையளைக் கேட்டு, கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில 2017 மாசியில இருந்து போராட்டம் இருக்கிற அம்மாமாரிட்டப் போய்க் கதையுங்கோ, எந்தப் பேப்பர் எங்க குடுக்கிறது எண்டு அவைக்குத் தெரிஞ்ச அளவு ஒரு லோயருக்கும் தெரியாது.

இதைக் கேட்ட படியால ஒண்டு. இல்லத்தில ஒண்டா இருந்தவளைத் தேடுற ஆக்களுக்கு டிஎன்ஏ ஒரு சதத்துக்கும் உதவாது. அதுக்குத் தேவை குறூப் போட்டோ, இல்லத்தின்ர பேர், எந்த வருசம் எந்த மாசம் எண்டது, பொறுப்பா இருந்தவையின்ர பேர். கொரியாக்காரர் தங்களைக் கொண்டுபோன பிளேனின்ர திகதியை வச்சுக் கூடத் தேடுகினம், ஒரே பிளேனில கனக்கக் குழந்தையளை ஏத்திக்கொண்டு போனதெல்லோ.

ரெண்டு பேரும் ஒரே இல்லம். சின்னனில அவரை அண்ணா எண்டுதான் கூப்பிட்டனான். இப்ப கலியாணம் கேக்கிறார். எனக்கும் விருப்பம். ஆக்கள் பிழை எண்டு சொல்லுகினம்.
— து., வவுனியா

ரெண்டு பேரின்ர தாய் தகப்பன் ஆரெண்டு தெரியுமெண்டா ஆக்கள் சொல்லுறதை விடுங்கோ, எங்கட ஊரில மச்சானையும் சின்னனில அண்ணா எண்டு கூப்பிட்டுப் பிறகு கட்டின ஆக்கள் தெருவுக்கு நாலு பேர். தெரியாதெண்டா மேல சொன்ன டிஎன்ஏயை ஒருக்காப் பாத்திட்டுக் கட்டுங்கோ, காசு எண்டாலும் பரவாயில்லை, பேப்பரை நம்பாதேங்கோ. கார்ட் அனுப்ப மறக்கவேண்டாம்.

மதிப்புக்குரிய அக்காவுக்கு, எனக்கு இப்ப எழுபத்தொண்டு. ஒரு சிறுவர் இல்லத்தில பொறுப்பா இருந்தனான், பேர் சொல்ல விருப்பமில்லை, இப்ப அந்த இல்லமும் இல்லை. பதிவுப் புத்தகமெல்லாம் இடம்பெயர்வோட போட்டுது. என்ர கையில இருக்கிறது நான் எனக்கெண்டு எழுதின ஒரு சி.ஆர். கொப்பி, 63 பிள்ளையளின்ர பேர். சட்டை அளவு, ஆருக்கு என்ன வருத்தம், ஆர் ஆரோட படுக்கிறது, அப்பிடித்தான். செட்டிகுளம் முகாமில தலைமாட்டுக்க வச்சுக் காப்பாத்தினது. இப்ப பிள்ளையள் சிலபேர் போன் எடுத்து அம்மா என்ர அம்மா பேர் எழுதி வச்சனீங்களோ எண்டு கேக்கினம். பேஸ்புக்கில போடச் சொல்லி மருமகன் சொல்லுறான். இன்னொண்டு, அதில மூண்டு பிள்ளையளின்ர வயசை நான் ரெண்டு வருசம் குறைச்சுப் போட்டனான். அந்தக் காலத்தில ஏன் குறைச்சனான் எண்டு உங்களுக்கு விளங்கும். அதுகள் இண்டைக்கும் அந்தத் திகதியிலதான் கேக் வெட்டுதுகள். சொல்லவோ விடவோ?
— ஒட்டுசுட்டான்

அம்மா, உங்கட கடிதத்தை நான் மூண்டு தரம் வாசிச்சன்.

முதல்ல பேஸ்புக். வேண்டவே வேண்டாம். மருமகனுக்கு நல்ல மனசுதான், ஆனா மேல ஒரு பிள்ளை எழுதினதை வாசிக்கச் சொல்லுங்கோ, தான் இல்லத்தில வளந்ததைப் புருசன் வீட்டுக்கு மறைச்சு வாழுற பிள்ளை உங்கட 63க்குள்ளயும் இருக்கும். பேர் போட்ட பக்கம் ஒண்டு வெளியில போனா திருப்பி எடுக்க ஏலாது. ஆர் போன் எடுக்கினமோ அவைக்கு அவையின்ர வரியை மட்டும் வாசிச்சுச் சொல்லுங்கோ. பக்கத்துப் பாயில ஆர் படுத்தது எண்டு எழுதியிருக்கிறியளே, அதையும் சொல்லுங்கோ, ஆனா அந்தப் பிள்ளையின்ர நம்பரைக் குடுக்க முதல் அந்தப் பிள்ளையிட்டக் கேளுங்கோ.

சட்டை அளவு, வருத்தம் எல்லாம் சில்லறை விசயம் மாதிரி எழுதியிருக்கிறியள். அம்மா, கொரியாவில பெரிய பெரிய ஏஜென்சியளிட்ட அலுமாரி அலுமாரியா இருந்த பைல்களை இப்ப 2025இல இருந்துதான் அரசாங்கம் தன்ர கைக்கு எடுக்குது, அவ்வளவு பைலுக்குள்ளயும் இந்தப் பிள்ளைக்கு இடது காதில அடிக்கடி சீழ் வரும், ஆரும் தடவாட்டிப் படுக்காது எண்டு எழுதினது எத்தினை இருக்கும்? அங்க எழுதினது பிள்ளையை அனுப்பத் தேவையானதை. நீங்க எழுதினது பிள்ளையை வளக்கத் தேவையானதை. தாயின்ர பேர் கேக்கிற பிள்ளைக்குத் தாயின்ர பேர் உங்களிட்ட இல்லாட்டி, அதைச் சொல்லிப்போட்டு இதை வாசியுங்கோ.

கொப்பியை ஈரம் படாத இடத்தில வையுங்கோ, லெமினேட் கிமினேட் பண்ணப் போகாதேங்கோ, பழந்தாள் சூட்டுக்குப் பழுதாப் போகும். ஒவ்வொரு பக்கமா வடிவா வெளிச்சத்தில படமெடுத்து ரெண்டு பென்டிரைவில போட்டு, ஒண்டு உங்களிட்ட, ஒண்டு நம்பிக்கையான ஒராளிட்ட. உங்களுக்குப் பிறகு ஆர் பொறுப்பு எண்டதையும் இப்பவே எழுதி வையுங்கோ. பட்டப்பேர் எல்லாம் ஞாபகம் இருக்குமெண்டா பக்கத்தில எழுதிவிடுங்கோ, பதிவுப் பேரை மறந்த பிள்ளையள் கூடப் பட்டப்பேரை மறக்கிறேல்ல.

மற்றது அந்த மூண்டு பிள்ளையள். ஏன் குறைச்சனீங்கள் எண்டு எனக்கு விளங்குது, வயசைப் பாத்துச் சண்டைக்குப் பிள்ளையளைப் பிடிச்ச காலம், என்ர வீட்டிலயும் ஒரு வயசு குறைஞ்சது. நீங்க எழுதின பொய்யால அதுகள் உயிரோட இருக்குதுகள், கொரியாவில எழுதின பொய் மாதிரி ஆருக்கும் காசு வரேல்ல. ஆனா பொய் பொய்தான் அம்மா, அது அதுகளின்ர வயசு, உங்கட வயசில்லை. சொல்லுங்கோ. போனில சொல்லாதேங்கோ, மூண்டு பேரையும் ஒண்டாக் கூப்பிட்டும் சொல்லாதேங்கோ, ஒவ்வொராளா வீட்டுக்கு வரச்சொல்லி, சோறு குடுத்து, கொப்பியைக் கையில குடுத்து அந்த வரியைக் காட்டிச் சொல்லுங்கோ. அழுதா அழட்டும், கோவிச்சா கோவிக்கட்டும். ஐடென்டிக் கார்டில மாத்துறதோ விடுறதோ அதுகளின்ர பாடு, அதுக்கு நீங்க அலையத் தேவையில்லை.

எழுபத்தொண்டு எண்டு சொல்லுறியள், அதால பிந்த வேண்டாம். கார்த்திகை மழை துவங்கினா முத்தையன்கட்டுப் பக்கத்து றோட்டெல்லாம் வெள்ளம், பிள்ளையள் வரக் கஷ்டம். ஐப்பசிக்கு முதல் கூப்பிடுங்கோ.